காலையில் முதல் கியர் போட்டதும் வண்டி துள்ளுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: 14 நவம்பர் 2023

வேலை மாற்றலாகி குன்னூர் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கைவசம் பழைய ஸ்ப்ளெண்டர், கார்புரேட்டர் வண்டி, செல்ஃப் கிடையாது, கிக்கர் மட்டும். காலையில் எடுக்கும்போது இரண்டு தொல்லை. ஒன்று, லேசில் ஸ்டார்ட் ஆவதில்லை. ஆன பிறகும் ஐந்து நிமிடம் ஓடவிட்டுத்தான் எடுக்கணும் என்கிறார் ஹவுஸ் ஓனர், அதெல்லாம் சும்மா என்கிறான் கூட வேலை பார்க்கிறவன். இரண்டு, கிளட்ச்சை முழுசாகப் பிடித்துக்கொண்டுதான் முதல் கியர் போடுகிறேன், அப்படியும் டொக்கென்று ஒரு சத்தத்தோடு வண்டி முன்னால் துள்ளுகிறது, சில நாள் அப்படியே ஆஃப் ஆகிவிடுகிறது. வீட்டு வாசலே ஏற்றம். நேற்று வண்டியைக் கீழே போட இருந்தேன். கோவையில் இருந்தவரை இந்தப் பிரச்சினையே இல்லை. அண்ணன்மார்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில்: 14 நவம்பர், இரவு

ஐந்து நிமிடமெல்லாம் வேண்டாம் தம்பி. சோக்கைத் (குளிரில் பற்றுவதற்காகக் காற்றைக் குறைத்துக் கலவையைக் கெட்டியாக்குகிற லீவர்) தள்ளிய பிறகும் அணையாமல் நிற்கிறதா, அதுதான் பார்க்க வேண்டியது. அரை நிமிடம், ரொம்பக் குளிர் என்றால் ஒரு நிமிடம். அதற்குள் ஹெல்மெட் மாட்டிக் கண்ணாடியைத் திருத்திக்கொள்ளலாம். அப்புறம் கிளம்பி முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் முறுக்காமல் ஓட்டினால் வண்டி தானாகப் பதத்துக்கு வந்துவிடும். நிறுத்தி வைத்து ஓட்டினால் இன்ஜின் மட்டும்தான் சூடாகும், செயினும் டயரும் பிரேக்கும் அப்படியே குளிர்ந்துதான் கிடக்கும். சோக் போட்டபடி நெடுநேரம் ஓடினால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு போகும், அது தேய்மானம். இன்னொன்று, மூடிய ஷெட்டுக்குள் ஓடவிடாதீர்கள். மலையில் குளிருக்குக் கதவைச் சாத்திக்கொள்கிற பழக்கம் உண்டு. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது.

ஸ்டார்ட் ஆகாததற்கு வருவோம். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. உங்கள் கார்புரேட்டர் கோவைக்கு ட்யூன் ஆனது, அதே ஜெட் (பெட்ரோல் வரும் துளை) வழியாக அதே பெட்ரோல் வருகிறது, கலக்க வேண்டிய காற்றுதான் குறைந்துவிட்டது. அதாவது கலவை ஏற்கனவே கொஞ்சம் கெட்டி. அதற்கு மேல் முழு சோக்கைப் போட்டு ஆத்திரத்தில் பத்துக் கிக் அடித்தால் பிளக் நனைந்துவிடும். நான் செய்வது இதுதான்: பெட்ரோல் டேப் திறந்து, சாவி போடாமல், சோக் மட்டும் போட்டு நிதானமாக இரண்டு கிக். அப்புறம் சாவியைத் திருப்பி, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஒரு முழுக் கிக். பெரும்பாலும் பற்றும். மூன்று நான்கு அடித்தும் பற்றவில்லை, பெட்ரோல் வாடை வேறு அடிக்கிறது என்றால் சோக்கை எடுத்துவிட்டு, சாவியை அணைத்து, ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திறந்து பிடித்துக்கொண்டு நாலைந்து கிக் அடியுங்கள், உள்ளே தேங்கினது வெளியேறும். பிறகு சோக் இல்லாமல் முயற்சி செய்யுங்கள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி அப்பியிருக்கும், எமரித் தாளில் தேய்த்தால் இப்போதைக்குப் போதும், நாள்படக் குன்னூரிலேயே இருக்கப்போகிறீர்கள் என்றால் அங்குள்ள மெக்கானிக்கிடம் காற்று ஸ்க்ரூவைத் திருத்தச் சொல்லுங்கள்.

துள்ளல்? கிளட்ச் கேபிள் தளர்ந்திருக்கும். லீவர் முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கலாம். அதைவிட அதிகமாக ஆடினால் நீங்கள் ஹேண்டில்பாரோடு ஒட்டப் பிடித்தாலும் உள்ளே இன்ஜினையும் சக்கரத்தையும் சேர்க்கிற கிளட்ச் பிளேட்டுகள் முழுசாக விலகாது. கேபிளை இறுக்கிவிட்டு வந்து சொல்லுங்கள்.

15 நவம்பர், காலை

நேற்று எழுதியதில் ஒரு வரிசை மாற்றம். ஹெல்மெட் முதலில், ஸ்டார்ட் அப்புறம். இரண்டு கையும் தாடைக்குக் கீழே பக்கிளைத் தேடிக்கொண்டிருக்கும்போது வண்டியைப் பிடிக்க ஆள் இல்லை. சமதரையில் இது பெரிய விஷயமில்லை. இவர் வாசல் ஏற்றம் என்கிறாரே.

15 நவம்பர், மாலை

"ஸ்டாண்டில் நிற்கும்போதே ஸ்டார்ட் பண்ணிவிட்டு ஏறினால் என்ன?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். நியாயமான கேள்வி. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறோம். பக்கத்தில் நின்றபடியே செல்ஃபைத் தட்டி, பையை மாட்டி, கேட்டைத் திறந்து, போனில் பேசி முடித்து, அப்புறம் ஏறுவது.

என் கட்சி: உட்கார்ந்துதான் ஸ்டார்ட். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். கியர் வண்டி என்றால் கியரில் கிடக்கிறதா நியூட்ரலா என்று நின்றபடி யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. நியூட்ரல் விளக்கு வெயிலில் தெரியாது, பழைய வண்டியில் அந்த பல்பு எப்போதோ போயிருக்கும். உட்கார்ந்து வண்டியை முன்னும் பின்னும் ஒரு சாண் உருட்டிப் பார்த்தால் உடம்புக்கே தெரிந்துவிடும்.

ஸ்கூட்டரில் இது இன்னும் மோசம். சென்டர் ஸ்டாண்டில் நிற்கிற ஸ்கூட்டரைக் குளிரில் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் வேகம் சற்றுத் தூக்கலாக இருக்கும், வேகம் ஏறினால் தானாகப் பிடிக்கிற மையவிலக்கு கிளட்ச் லேசாகப் பிடித்துப் பின்சக்கரம் காற்றில் சுழன்றுகொண்டிருக்கும். அப்படிச் சுழலும்போதே முன்னால் தள்ளி ஸ்டாண்டிலிருந்து இறக்கினால், சக்கரம் தரையைத் தொட்ட கணம் வண்டி ஓடும். பிடித்திருக்கிறவர் பயத்தில் கைப்பிடியை இறுக்குவார். வலது கை இறுக்கினால் என்ன ஆகும்? ஆக்ஸிலேட்டர்தான் திரும்பும். எங்கள் தெருவில் ஒரு மளிகைக்கடை வாசலில் பார்த்தேன்: அப்பா இன்ஜினை அணைக்காமல் இறங்கி, பாக்கெட்டில் சில்லறை தேடுகிறார், முன்னால் நின்ற குழந்தை ஆக்ஸிலேட்டரைத் திருகிவிட்டது. கடையின் இரண்டு படியில் ஏறி, வெங்காய மூட்டையில் முட்டி நின்றது வண்டி. குழந்தைக்கு உதட்டில் காயம், அவ்வளவோடு போயிற்று. மூட்டை இருந்த இடத்தில் வழக்கமாக எடைத் தராசு இருக்கும்.

ஸ்கூட்டர்காரர்களுக்கு ஒரே வரி: இடது கை பிரேக்கைப் பிடித்தபடி ஸ்டார்ட், கிளம்புகிற நேரம்வரை அந்தப் பிரேக்கை விடக் கூடாது, இறங்கினால் சாவியை அணைத்துவிட்டு இறங்கணும்.

17 நவம்பர்

குன்னூர் தம்பி வந்துவிட்டார். கேபிளை இறுக்கியாயிற்றாம், ஆட்டம் சரியாக இருக்கிறதாம், துள்ளல் மட்டும் போகவில்லையாம். காலையில் முதல் தடவை மட்டும்தான், மதியம் எடுத்தால் இல்லை என்கிறார். அப்போது கேபிள் இல்லை. முதல் தடவை மட்டும் என்பதை நான் ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால் கேபிளுக்கே போயிருக்க மாட்டேன்.

கடைசியாக என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். பதில்: "மெக்கானிக் 20டபிள்யூ40 போட்டார், எல்லா வண்டிக்கும் அதுதானாம்."

அங்கேதான் விஷயம். இந்த வண்டிகளில் கிளட்ச் ஆயிலுக்குள் மூழ்கிக் கிடக்கிறது. பிளேட்டும் பிளேட்டும் இரவு முழுக்க ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒட்டிக் கிடக்கும், நடுவில் ஆயில். குளிர்ந்த ஆயில் கெட்டிப்பட்டால் நீங்கள் லீவரைப் பிடித்தாலும் பிளேட்டுகள் ஒன்றையொன்று விடாமல் இழுத்துக்கொண்டே சுற்றும். அந்த நேரம் முதல் கியரைப் போட்டால் இன்ஜின் சுழற்சி நேராகச் சக்கரத்துக்குப் போகிறது. டொக், துள்ளல். ஆயில் சூடானதும் இளகிப் பிரிந்துவிடும், அதனால்தான் மதியம் இல்லை. எண்ணில் டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில் அது எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்வது, 20 என்றால் 10ஐவிடக் கெட்டி. இந்த வண்டிக்குக் கம்பெனி சொல்வது 10டபிள்யூ30. கோவை வெயிலில் 20டபிள்யூ40 போட்டு வருடக்கணக்காக ஓட்டினாலும் வித்தியாசம் தெரியாது. நவம்பர் மாதக் குன்னூரில் தெரியும். டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அது நனைந்த கிளட்ச்சுக்கான ஆயில். கார் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள், அதில் சேர்க்கிற வழுக்கல் சமாச்சாரத்தால் கிளட்ச் நேர் எதிராக வழுக்கும்.

ஆயில் மாற்றும்வரை ஒரு கைவைத்தியம். ஸ்டார்ட் செய்வதற்கு முன், இன்ஜின் அணைந்திருக்கும்போதே, உட்கார்ந்து இரண்டாம் கியரைப் போட்டு, கிளட்ச்சை முழுசாகப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் உருட்டுங்கள். முதலில் கனமாக இருக்கும், பிறகு சட்டென்று லேசாகும். பிளேட் விட்டுவிட்டது என்று அர்த்தம். நியூட்ரலுக்கு வந்து ஸ்டார்ட் செய்யுங்கள். இதைச் சமதரையில் செய்யணும், வாசல் ஏற்றத்தில் வேண்டாம்.

18 நவம்பர்

மதுரைக்கார நண்பர் கேட்கிறார், கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மிதித்து பிளேட் பிரிப்பார்களே, அது ஏன் சொல்லவில்லை என்று. ஐயா, அது பழைய புல்லட் வைத்தியம். அதில் கிக்கர் கியர்பாக்ஸ் வழியாக, கிளட்ச் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகிறது, கிளட்ச்சைப் பிடித்தபடி மிதித்தால் பிளேட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவிப் பிரியும். எல்லா வண்டியிலும் கிக்கரின் பாதை ஒன்றல்ல, அதனால்தான் உருட்டச் சொன்னேன்.

புல்லட் பேச்சு வந்துவிட்டது, இனி சுருக்கமாக முடியாது. 1956லிருந்து திருவொற்றியூரில் செய்த வண்டி, இரும்பு இன்ஜின், பாயின்ட் இக்னிஷன் (பாயின்ட் என்கிற தொடுமுனை திறக்கும்போது பிளக்கில் பொறி வரும்). என் சித்தப்பாவிடம் ஒன்று இருந்தது. அதை ஸ்டார்ட் செய்ய முதலில் கண், அப்புறம்தான் கால். சாவியைப் போட்டு, ஹெட்லைட் தலைமேல் இருக்கிற ஆம்பியர் மீட்டரைப் பார்த்தபடி கிக்கரை மெல்ல அழுத்தணும். முள் இடப்பக்கம் சாய்ந்திருப்பது ஒரு இடத்தில் நடுவுக்குத் தாவும், பாயின்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சிக்குப் பக்கம் வந்துவிட்டது. அங்கே இடது கைப் பக்கத்து டீகம்ப்ரஷன் லீவரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடுவது) இழுத்து, கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் ஒரே மிதி, முழு உடல் எடையோடு, கடைசி வரைக்கும். அரை மனசாக மிதித்தால் அது திருப்பி அடிக்கும். முழங்காலை விறைப்பாக வைத்து மிதித்து வாரக்கணக்கில் நொண்டியவர்களை எனக்குத் தெரியும். சித்தப்பா செருப்போடு கிக்கரைத் தொடவே விடமாட்டார்.

கிளம்புவதிலும் ஒரு கண்ணி. அந்த வண்டியில் கியர் வலது கால், பிரேக் இடது கால், முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இன்றைய வண்டியில் பழகியவர் அவசரத்தில் பிரேக் என்று நினைத்து வலது காலை அழுத்தினால் கியர் மாறும், வேகம் குறையாது. யாராவது "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க" என்று சாவியை நீட்டினால், கிளம்புவதற்கு முன் நின்ற இடத்திலேயே காலால் நாலைந்து தடவை பிரேக்கைத் தேடிப் பழகிவிட்டுப் போங்கள்.

19 நவம்பர்

சைடு ஸ்டாண்டைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று இரண்டு பேர். நம் ஊரில் அதற்கு ஆள் போட்டிருக்கிறார்கள். ஸ்டாண்டை எடுக்காமல் போய்ப் பாருங்கள், எதிரே வருகிற ஆட்டோக்காரர், பின்னால் வருகிற பால்காரர், பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பாட்டி எல்லோரும் "ஸ்டாண்டு, ஸ்டாண்டு" என்று கத்துவார்கள். இடதுபக்கம் திரும்புவதற்கு முன்னால் அவர்கள் கண்ணில் பட்டுவிட வேண்டும், அதுதான் பிரச்சினை.

22 நவம்பர்

குன்னூர் தம்பி 10டபிள்யூ30 போட்டாராம், துள்ளல் நின்றுவிட்டதாம், "ஆனால் டொக் சத்தம் இன்னும் வருது" என்கிறார். அது இருக்கும் தம்பி. நிற்கிற பல்லோடு சுழல்கிற பல் சேருகிற சத்தம், கொஞ்சம் வந்தால் தப்பில்லை. கிளட்ச்சைப் பிடித்ததும் உடனே போடாமல் ஒரு மூச்சு விட்டுப் போட்டால் குறையும்.

இனி அந்த வாசல் ஏற்றம். இதை நானே ஒருமுறை என் வண்டியில் மெதுவாகச் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன், ஏனென்றால் நாம் தினம் செய்வதை வரிசையாகச் சொல்லச் சொன்னால் நாக்கு குழறும்.

கிக்கர் மட்டும் உள்ள வண்டிக்கு ஏற்றத்தில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. கிக்கரும் வலது கால், பின் பிரேக்கும் வலது கால். கிக் அடிக்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்த முன் பிரேக் ஒன்றுதான், அதையும் ஆக்ஸிலேட்டர் இருக்கிற அதே வலது கையால். அதனால் முடிந்தால் ஏற்றத்தில் ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். நாலடி தள்ளிச் சமமான இடமோ, சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி நிறுத்த இடமோ இருந்தால் அங்கே செய்யுங்கள். இரவில் நிறுத்தும்போதே மூக்கு மேல்நோக்கி இருக்கட்டும், முதல் கியரில் போட்டு வையுங்கள், கீழ்நோக்கி நிறுத்தினால் வண்டி முன்னால் நகர்ந்து சைடு ஸ்டாண்டே மடிந்துவிடும். கியரில் போட்டு வைத்ததைக் காலையில் மறந்து கிக் அடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்டாண்டை எடுப்பதற்கு முன் முன் பிரேக், அப்புறம் ஸ்டாண்ட், அப்புறம் நியூட்ரல், இந்த வரிசை.

ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வலது கை இரண்டு விரல் முன் பிரேக்கில், வலது கால் தரையில். கிளட்ச் பிடித்து, இடது காலால் முதல் கியர், ஸ்ப்ளெண்டரில் முன்னங்காலால் கீழே. இப்போது கால் மாற்ற வேண்டும்: இடது கால் தரைக்கு, வலது கால் பின் பிரேக்குக்கு. புதிதாகப் பழகுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான், உடம்பு இடப்பக்கம் சாயாமல் காலை மட்டும் மாற்றப் பார்ப்பார்கள். இடுப்பையும் சேர்த்து இடது பக்கம் தள்ளுங்கள். பின் பிரேக் பிடித்ததும் முன் பிரேக்கை விட்டுவிடலாம், வலது கைக்கு ஆக்ஸிலேட்டர் மட்டும்தான் வேலை.

லேசாக முறுக்கி அந்தச் சத்தத்தை நிலையாக வைத்துக்கொண்டு கிளட்ச்சை மெல்ல விடுங்கள். ஒரு இடத்தில் இன்ஜின் சத்தம் கம்மும், சீட்டின் பின்பக்கம் கொஞ்சம் அமரும், ஹேண்டில்பார் முன்னால் போகத் துடிக்கும். கிளட்ச் பிடிக்கிற இடம் அது. அங்கே விரலை நிறுத்துங்கள். பின் பிரேக்கை விடுங்கள். வண்டி பின்னால் வராது, முன்னாலும் பாயாது. கொஞ்சம் முறுக்கினால் நகரும், நகர்ந்து சில அடி போன பிறகுதான் கிளட்ச்சை முழுசாக விட வேண்டும். ஹாஃப் கிளட்ச்சில் ஓட்டினால் பிளேட் தேயும் என்று பயமுறுத்துவார்கள், ஓட்டினால்தான் தேயும், கிளம்புவதற்குப் பிடித்தால் ஒன்றும் ஆகாது.

நடுவில் ஆஃப் ஆகிவிட்டால் கை தன்னால் கிளட்ச்சைப் பிடிக்கப் போகும். பிடிக்காதீர்கள். கிளட்ச் விட்டபடி கியரில் அணைந்த வண்டியின் சக்கரத்தை இன்ஜினே பிடித்து நிறுத்தியிருக்கிறது, கிளட்ச்சைப் பிடித்தால் அந்தப் பிடி போய் வண்டி பின்னால் உருளும். முதலில் பிரேக், அப்புறம் கிளட்ச்.

23 நவம்பர்

சமதரையில் ஆளில்லாத இடத்தில் பிடிக்கிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பழகுங்கள், ஆக்ஸிலேட்டரே தொடாமல். நல்ல ஐடிலிங் இருக்கிற வண்டி கிளட்ச்சை மெல்ல விட்டால் தானாக ஊர்ந்து போகும். என் அண்ணிக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், இப்போது என் கிளட்ச்சைக் குறை சொல்கிறார்.

7 டிசம்பர் 2023

மின்சாரம் வந்து இப்போதுதான் போன் சார்ஜ் ஏறியது. மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கமெல்லாம் தண்ணீர். இன்று தெருவில் நடந்தால் ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் கிக் அடித்துக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். இத்தனை நாள் ஸ்டார்ட் செய்யச் சொல்லிக்கொடுத்ததற்கே எதிராகச் சொல்கிறேன், மூழ்கின வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், சாவியைக்கூடப் போடாதீர்கள்.

சீட் உயரத்துக்குத் தண்ணீர் நின்றிருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் உள்ளே போயிருக்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது மேலே தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். கிக்கரில் மெதுவாக மிதித்தால் கால் நின்றுவிடும், செல்ஃப் மோட்டார் நிற்காது, வளைத்துவிட்டுத்தான் நிற்கும்.

பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை மெதுவாக மிதியுங்கள், ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், முகத்தைப் பக்கத்தில் வைக்காதீர்கள். வெறும் காற்று வரும்வரை. ஆயிலைத் திறந்து பாருங்கள், பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. புது ஆயில் ஊற்றிச் சற்று ஓட்டி அதையும் கொட்டிவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும், ஒரு தடவையில் சுத்தமாகாது. கார்புரேட்டர் வண்டி என்றால் கீழே மிதவைக் கிண்ணத்தில் ஒரு ட்ரெயின் ஸ்க்ரூ இருக்கும், திறந்து வடியுங்கள். டேங்கிலும் தண்ணீர் இருக்கலாம், பெட்ரோலுக்கு அடியில் தங்கும். எஃப்.ஐ. வண்டியை (கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் உள்ளது) மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டே போங்கள், இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்தாலும் சரி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் ஸ்டார்ட் செய்து பார்த்துத்தான் நிறைய வண்டி போயிற்று, தண்ணீரால் மட்டும் இல்லை.

8 டிசம்பர்

இன்ஷூரன்ஸ் இருப்பவர்கள் எதையும் கழற்றுவதற்கு முன் தண்ணீர் நின்ற அடையாளத்தோடு படம் எடுத்துவையுங்கள். மூழ்கின பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று சொன்னால் கிளெய்மில் தகராறு வரும்.

ஸ்டார்ட் ஆகிவிட்டால் அதோடு முடியவில்லை. டிரம்முக்குள் ஈரம் இருக்கும்வரை பிரேக் பிடிக்காது. நடக்கிற வேகத்தில் போய் லேசாக அழுத்தி அழுத்திக் காயவையுங்கள்.

29 டிசம்பர்

"புது வண்டிக்கு இந்தப் பாட்டெல்லாம் பொருந்துமா, பட்டனைத் தட்டினால் கிளம்பிவிடுகிறதே." பொருந்தாதது நிறைய இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்ததிலிருந்து கியர் வண்டிகளில் பெரும்பாலும் எஃப்.ஐ.தான், அதில் சோக் இல்லை, மலை ஏறினாலும் கணினியே கலவையைச் சரிசெய்துகொள்ளும். சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் ஓரிரு விநாடி முனகும், இன்ஜின் விளக்கு தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும், அது முடிந்த பிறகு ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் பட்டன். ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காதீர்கள், விட்டு விட்டு அழுத்துங்கள்.

புது வண்டியில் "கியர் போட்டதும் ஆஃப் ஆகிறது" என்று வந்தால் ஆயிலைப் பார்க்காதீர்கள், சைடு ஸ்டாண்டைப் பாருங்கள். பல வண்டியில் ஸ்டாண்ட் இறங்கியிருக்கும்போது கியர் போட்டால் இன்ஜினை அணைக்கிற சுவிட்ச் இருக்கிறது. ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் வலது கைப்பக்கச் சிவப்பு கில் சுவிட்ச். பார்க்கிங்கில் ஏதாவது ஒரு வாண்டு தட்டிவிட்டுப் போயிருக்கும், நீங்கள் மெக்கானிக்குக்குப் போன் போட்டு அவர் வந்து ஒரு விரலால் தள்ளுவார், அந்த அவமானத்துக்கு விலை கிடையாது. ஹெட்லைட் பட்டனைத் தேட வேண்டாம், 2017 ஏப்ரலிலிருந்து வருகிற வண்டிகளில் இன்ஜின் ஓடினால் விளக்கும் எரியும், அணைக்க முடியாது. இத்தனை வருஷம் ஆகியும் எதிரே வருகிறவர்கள் விரலை மூடி மூடித் திறந்து "லைட் எரியுது" என்று காட்டுவதை நிறுத்தவில்லை, நானும் தலையாட்டிவிட்டுப் போகிறேன்.

பட்டன் பார்த்துக்கொள்ளாதது ஒன்றே ஒன்று, கிளம்புகிற அந்த முதல் பத்தடி. நம் ஊரில் இடது ஓரத்திலிருந்து வலதுபக்கம் ஏறித்தான் ரோட்டில் சேர்கிறோம். வலது இண்டிகேட்டர், கண்ணாடி, அதற்கும் மேல் வலது தோளுக்குப் பின்னால் கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை. கண்ணாடியில் விழாத இடத்தில்தான் அந்த இன்னொரு வண்டி இருக்கும். லைசென்ஸுக்கு எட்டுப் போடச் சொல்கிறார்கள், காலை ஊன்றாமல் சுற்றி வந்தால் போதும். கிளம்புவதற்கு முன் திரும்பிப் பார்த்தானா என்று யாரும் கவனித்து நான் பார்த்ததில்லை. கிளட்ச் நுணுக்கமெல்லாம் சுமாராக இருந்தாலும் மிஞ்சிப் போனால் வண்டி ஆஃப் ஆகும். இதை விட்டால் பஸ் இருக்கிறது.

30 டிசம்பர்

பின்னால் ஆள் ஏற்றுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் இரண்டு காலையும் ஊன்றி, முன் பிரேக் பிடித்த பிறகுதான் அவர் ஏற வேண்டும். ஒரு பக்கமாக உட்காருகிறவர் என்றால் எடை முழுக்க இடது பக்கம் இழுக்கும், எதிர்பார்த்து நில்லுங்கள். முந்தானை, துப்பட்டா இரண்டும் மடியில். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கிற கார்டு, கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட் மூன்றும் 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதிப்படி கட்டாயம். அழகுக்காக அந்தக் கார்டைக் கழற்றி வீசுகிறவர்கள் வீட்டுப் பெண்களைப் பின்னால் ஏற்றக் கூடாது. இருந்தாலும் கார்டு தடுப்பது சக்கரத்தின் பக்கவாட்டைத்தான், காற்றில் பறக்கிற துணி மேலே சுற்றிக்கொண்டு உள்ளே போகும். "போலாம்" என்று அவர் வாயால் சொன்ன பிறகு கிளட்ச்சை விடுங்கள். எங்கள் வீட்டில் "போலாம் ரைட்" வந்தால்தான் வண்டி நகரும்.

6 ஜனவரி 2024

குன்னூர் தம்பியின் புதுக் கேள்வி: கிக்கர் வழுக்குகிறது, பல் தேய்ந்துவிட்டதாம், பார்ட்ஸ் வரும்வரை வாசல் இறக்கத்தில் உருட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யலாமா.

செய்யலாம். முதல் கியர் வேண்டாம், சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடும், இரண்டாம் கியர். சாவி போட்டு, கிளட்ச் பிடித்து, ஓடுகிற வேகத்துக்கு உருண்டதும் கிளட்ச்சைச் சட்டென்று விட்டு, பற்றியதும் மறுபடி பிடிக்க வேண்டும். ஆனால் உங்கள் வாசல் ரோட்டில் போய்த்தான் முடிகிறது, பற்றாமல் போனால் இன்ஜின் இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி ரோட்டில் இறங்குவீர்கள். பின் பிரேக் ஷூ கடைசியாக எப்போது மாற்றினது? அதை முதலில் சொல்லுங்கள்.